முழிப்பு மாத்திரையும் மூணாம் யூனிட்டும்

போன ஏப்ரலில் மாடல் எக்ஸாம் பேப்பர் திருத்தும்போது ஒரு விடைத்தாள் மட்டும் கைக்குக் கனமாக வந்தது. அடிஷனல் ஷீட் மூன்று வாங்கி நூல் கட்டியிருந்தான் பையன். நம்ம வகுப்பில் இவ்வளவு எழுதுகிற ஆள் யாருடா என்று பிரித்தால், 8 மார்க் கேள்வி ஒன்றுக்கு 11 பக்கம். தலைப்புக்குக் கறுப்பு மை, உள்ளே நீலம், ஸ்கேல் வைத்துப் போட்ட அடிக்கோடு. வேதிவினை நடக்கும் வழியைக் காட்டுகிற வளைவு அம்புகள் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. எழுதியதில் தப்பு என்று எதையும் சுழிக்க முடியவில்லை. அடுத்த கேள்வி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கேள்வி எண்கள் மட்டும் இருக்கின்றன, பதில் இல்லை. 75க்கு 14.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னேன். கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, கேட்டதும் சொல்லிவிட்டான். "நைட்டு ஃபுல்லா முழிச்சேன் சார். சீனியர் அண்ணன் ஒருத்தரு மாத்திர தந்தாரு. தூக்கமே வரல. மூணாம் யூனிட்டு அப்படியே கண்ணுக்குள்ள நிக்கி. மத்த யூனிட்ட தெறக்கவே இல்ல." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "ஆனா எழுதும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் சார் இருந்துச்சு" என்றான்.

அவன் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கல்லூரி என்று யாரும் தேட வேண்டாம். வண்ணார்பேட்டையில் இருந்து ஹைகிரவுண்ட் வரைக்கும் ஒரு நடை போனால் எத்தனை விடுதி, எத்தனை 'பேயிங் கெஸ்ட்' போர்டு. நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று சுற்றுப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து தங்குகிற இடம் பாளையங்கோட்டை. பரீட்சை சீசனில் ராத்திரி 2 மணிக்கும் ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும். எங்கள் காலத்திலும் தெரிந்தது. நாங்கள் ஜங்ஷன் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் டீ குடித்துவிட்டு வருவோம். படித்ததைவிட மிதித்ததுதான் அதிகம், அது வேறு கதை.

இப்போது டீயின் இடத்துக்கு மாத்திரை வந்திருக்கிறது. 'முழிப்பு மாத்திரை' என்கிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 'படிப்பு மாத்திரை' என்கிறார்கள். பேப்பர்காரர்களுக்கு எல்லாமே 'போதை மாத்திரை'. இந்தக் கடைசிச் சொல் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டில் போலீஸ் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிற டேபென்டடால் ஒரு வலி நிவாரணி. அபின் குடும்பத்து வேலையைச் செய்வது, ஆளை மந்தமாக்குவது, அளவு மீறினால் மூச்சை அடக்குவது. நான் சொல்லவந்தது அதற்கு நேரெதிரான வகை. நரம்பைத் தூண்டி, இதயத்தை ஓடவிட்டு, தூக்கத்தை விரட்டுகிற மருந்துகள். ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிற பையன் மற்றதை 'அது போதை இல்ல சார், படிக்கத்தான்' என்று சொல்லிப் போட்டுக்கொள்கிறான்.

இந்த வகை மருந்துகளுக்கு வயது அதிகம். ஆம்ஃபெட்டமின் என்ற மூலக்கூறை 1887இல் பெர்லினில் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு முதலில் தயாரித்தார். அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1930களில்தான் அமெரிக்காவில் 'பென்சிட்ரின்' என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக வந்து, பிறகு மாத்திரையானது. 1937இல் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ரோட் ஐலண்டில் தன் பராமரிப்பில் இருந்த, நடத்தைச் சிக்கல் உள்ள 30 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பேர் பள்ளிப் பாடத்தில் திடீரென்று ஒழுங்காக உட்கார ஆரம்பித்தார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டுகளில் அந்த நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பென்சிட்ரின் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆக மருந்துக்கும் தப்பான உபயோகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

இதே வகையில் இன்னொன்றான மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் பிறந்தது. தயாரித்த லியாண்ட்ரோ பனிசோன் தன் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான 'ரீட்டா'வைச் சேர்த்து ரிட்டலின் என்று பெயரிட்டார். டென்னிஸ் ஆடப்போகும் முன் அந்த அம்மா அதை ஒன்று போட்டுக்கொள்வாராம். மோடாஃபினில் பிரான்சில் உருவானது. உட்கார்ந்த இடத்தில் தூக்கம் அமுக்குகிற நார்கோலெப்சி என்ற நோய்க்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. ரீல்ஸில் நம் பிள்ளைகள் பார்க்கிற 'அடெரால்' ஆம்ஃபெட்டமின் உப்புகளின் கலவை. 1996இல் அங்கே அனுமதிக்கப்பட்டது. இந்திய மருந்துக் கடைகளில் அது கிடையாது. இங்கே யாராவது 'அடெரால்' என்று எதையாவது நீட்டினால் உள்ளே இருப்பது என்ன என்று நீட்டுகிறவனுக்கே தெரியாது.

மூளைக்குள் இவை என்ன செய்கின்றன? நரம்பு முனையிலிருந்து டோபமைன் என்ற ரசாயனம் வெளியே வந்து அடுத்த நரம்பைத் தொடுகிறது. தொட்ட பிறகு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு வழி உண்டு. மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டு, மிச்சத்தை வடிகாலில் இறக்குகிற கதைதான். மெத்தில்ஃபெனிடேட் வடிகாலை அடைக்கிறது. ஆம்ஃபெட்டமின் வடிகாலையும் மறித்து, மடையையும் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. மோடாஃபினில் அதே வடிகாலில்தான் கை வைக்கிறது, ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. தண்ணீர் போதாமல் காய்கிற வயலுக்கு இதனால் பிழைப்பு. ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர் நிற்கிற வயலில் இன்னும் தண்ணீரைத் தேக்கினால் பயிர் என்ன ஆகும் என்று தாமிரபரணிப் பாசனக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டோபமைன் செய்கிற வேலைகளில் ஒன்று, கண்முன் இருப்பதன்மேல் 'இது முக்கியம், விட்டுவிடாதே' என்று முத்திரை குத்துவது. முத்திரை அதிகமானால் எது கண்ணில் பட்டதோ அதுவே முக்கியம். அந்தப் பையனுக்கு மூணாம் யூனிட் பட்டது, ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தான். இன்னொருத்தன் நோட்டுக்கு அட்டை போட்டு, பாடத்துக்கு ஒரு கலரில் அட்டவணை எழுதி முடித்தபோது விடிந்துவிட்டது. உழைக்கிற வேகம் நிஜம்தான், அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மாத்திரையில் வருவதில்லை.

இதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு: நோய் எதுவும் இல்லாத 46 இளைஞர்களுக்கு ஒரு நாள் ஆம்ஃபெட்டமின் கலவை, ஒரு நாள் வெறும் மாவு மாத்திரை. எந்த நாள் எது என்று அவர்களுக்குத் தெரியாது. நினைவாற்றல், கவனம், புதிர் என்று வரிசையாகச் சோதனைகள். மருந்தால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மருந்து போட்ட நாளில் 'இன்று நன்றாகச் செய்தோம்' என்று அவர்கள் நினைத்ததுதான் வித்தியாசம்.

2023இல் மெல்போர்ன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது எனக்கு இன்னும் பிடித்தது. 40 பேர், மூன்று மருந்துகள்: மெத்தில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸ்ஆம்ஃபெட்டமின். கொடுத்த வேலை, பை நிரப்பும் கணக்கு. நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கப்போகிற ஆளின் பையில் 10 கிலோதான் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே அல்வா, கருப்பட்டி, முறுக்கு, பித்தளை விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு விலை. எடை மீறாமல் அதிக மதிப்புள்ள பையைக் கட்ட வேண்டும். மருந்து போட்டவர்கள் அதிக நேரம் எடுத்தார்கள், பொருள்களை அதிகத் தடவை உள்ளே வைத்து வெளியே எடுத்தார்கள். கட்டிய பையின் மதிப்பு குறைந்தது. மருந்து இல்லாமல் நன்றாகச் செய்தவர்களில் பலர் மருந்தோடு சறுக்கினார்கள்.

பரீட்சை என்பதும் பை நிரப்பும் கணக்குதானே. 3 மணி நேரம் உங்கள் பை. எந்தக் கேள்விக்கு எத்தனை நிமிஷம், எதை விடுவது, எதை நாலு வரியில் முடிப்பது என்ற கணக்குத் தெரிந்தவன் சுமாராகப் படித்திருந்தாலும் தப்பிப்பான். என் மாணவன் அல்வாவை மட்டும் 11 பக்கம் கட்டிவிட்டுப் பையை மூடிவிட்டான்.

தூக்கத்தின் கணக்கு தனி. படித்தது மனதில் தங்குவதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. பகலில் அவசரமாகக் குவித்ததை மூளை அப்போதுதான் பிரித்து அடுக்குகிறது. மோடாஃபினிலின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 12 முதல் 15 மணி. ராத்திரி 10 மணிக்குப் போட்டால், மறுநாள் 10 மணிக்குக் கேள்வித்தாள் வாங்கும்போதும் பாதிக்கு மேல் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். அடுத்த பேப்பருக்கு முந்தின ராத்திரியும் அதே கதை. தூக்கம் வேண்டும் என்ற தேவையை மாத்திரை தீர்ப்பதில்லை, அந்தத் தேவையைச் சொல்கிற குரலை மட்டும் அமுக்குகிறது. பெட்ரோல் முள்ளை நூல் போட்டு மேலே இழுத்துக் கட்டிய வண்டியில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினால் எங்கே போய் நிற்கும்?

அமெரிக்கப் புள்ளிவிவரம் ஒன்று கவனிக்க வேண்டியது. 2001இல் 119 கல்லூரிகளில் 10,904 மாணவர்களிடம் கேட்டார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மருத்துவர் சொல்லாமல் ஊக்க மருந்து எடுத்தவர்கள் 4.1 சதவீதம். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி அது பூஜ்யத்திலிருந்து 25 சதவீதம் வரை மாறியது. இடம் கிடைப்பது கடினமான கல்லூரிகளில் அதிகம். எடுத்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவு. மாத்திரையால்தான் மார்க் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பின்தங்கியவன்தான் மாத்திரையைத் தேடிப் போகிறான் என்று படிப்பதுதான் நியாயம். எப்படிப் படித்தாலும், ராங்க் வாங்குகிறவர்களின் ரகசியம் இது என்ற விடுதிக் கதை நிற்கவில்லை.

அங்கே மாத்திரை வருவது பெரும்பாலும் நண்பனிடமிருந்து. கவனக்குறைவுக் கோளாறுக்காக, அதாவது ஏடிஹெச்டிக்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒருத்தனின் புட்டியிலிருந்து. இங்கே நிலைமை அப்படி இல்லை, காரணம் சட்டம். மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது, மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. எக்ஸ் அட்டவணை மருந்தை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் 2 வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து பூட்டின அலமாரியில் இருக்க வேண்டும். இவ்வளவு தொல்லைக்கு இரண்டு அட்டை மாத்திரை விற்று என்ன லாபம் என்று பெரும்பாலான கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை.

முன்வாசல் இப்படி. மோடாஃபினிலுக்கும் மருத்துவர் சீட்டு கட்டாயம், ஆனால் எக்ஸ் அட்டவணையின் பூட்டு அதற்கு இல்லை. அதுதான் கை மாறுகிறது. ஹைகிரவுண்ட் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரோடு ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து குரலைத் தாழ்த்திப் பெயரைச் சொன்னான்.

"சீட்டு எங்க தம்பி?"

"போன்ல இருக்கு அண்ணாச்சி."

"போன்ல நெறைய இருக்கும். டாக்டரு கையெழுத்துப் போட்டுத் தந்த தாளக் கொண்டா."

பையன் அடுத்த கடையைப் பார்த்து நடந்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏப்ரல் வந்தா நாளைக்கு ரெண்டு பேரு சார். நான் தரலன்னா எவனாவது தருவான்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் சிக்கல். கடை தராவிட்டால் கொரியர் தருகிறது, கொரியரில் வருகிற அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எந்த அண்ணாச்சியும் பொறுப்பேற்க மாட்டார்.

மெஃபென்டெர்மின் ஊசியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் மேஜையில், முதுகில் மயக்க ஊசி போட்ட நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்கான மருந்து அது. ஆம்ஃபெட்டமினின் நெருங்கிய உறவு. ஜிம்மில் கூடுதலாக நாலு தடவை தூக்குவதற்காக இந்தியா முழுக்க இளைஞர்கள் அதைத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். படபடப்பில் தொடங்கி, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேக மனநோய் வரை கொண்டுபோன கேஸ்களை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனர்ஜி டிரிங்க் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருக்கக் கூடாது. 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஒரு நல்ல ஃபில்டர் காபியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. ராத்திரியில் நாலு பாட்டில், நடுவில் மூன்று டீ, மேலே ஒரு மாத்திரை என்று கூட்டும்போதுதான் இதயம் கணக்கு கேட்கிறது.

மாத்திரை சும்மா விடாது. நாடி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், பசி செத்துப்போகும், வாய் உலரும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில், ஃபேன் ஓடாத அறையில், சாப்பிடாமல் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறவனுக்கு இது இரட்டை அடி. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருப்பது தெரியாத பிள்ளைகள் உண்டு. டாக்டர் மருந்து எழுதுமுன் நாடி, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று பார்ப்பார், சீனியர் அண்ணன் பார்ப்பாரா? மோடாஃபினிலில் அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அதன் பலனைக் குறைக்கும். மருந்தின் வேகம் இறங்கும்போது வருகிற சோர்வும் மனக்கலக்கமும் இன்னொரு மாத்திரையைத் தேட வைக்கும். நெஞ்சு வலி, மயக்கம், இல்லாததைப் பார்க்கிற நிலை வந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனது சம்பந்தமான பேச்சுக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆனால் மாணவனைத் திட்டி முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்த 11 பக்கக்காரன் முகூர்த்த நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். பந்தி பரிமாறி, இலை எடுத்து, ராத்திரி 12 மணிக்கு அறைக்கு வருகிறான். பங்குனியிலும் சித்திரையிலும் முகூர்த்தம் எத்தனை என்று காலண்டரைப் பார்த்தால் தெரியும், நம் செமஸ்டரும் அங்கேதான் வந்து விழுகிறது. பகலில் அவன் உட்கார்ந்து படிக்க விடுதியில் ஒரு மேஜை இல்லை. நாங்கள் வாத்தியார்மாரும் ஐந்தாம் யூனிட்டைக் கடைசி வாரத்தில் ஓட்டிவிட்டு 'ஸ்டடி லீவில் பார்த்துக்கோங்க' என்று சொல்லிவிடுகிறோம். ஆறு மாதத்துப் படிப்பை ஒரு ராத்திரிக்குள் அடைக்கச் சொல்கிற ஏற்பாட்டை நாங்களே செய்துவைத்துவிட்டு, அதை அடைக்க அவன் எதையோ விழுங்கினால் அதிர்ச்சியடைகிறோம்.

அதே விடுதி, அதே வராந்தாவில் இன்னொரு பையன் இருக்கிறான். சின்ன வயதிலிருந்து 'அடங்காத பய' என்று பெயர் வாங்கியவன். பத்து வரி படிப்பதற்குள் மனம் பத்து இடம் போய்விடும், பேனாவைத் தொலைப்பான், ஹால் டிக்கெட்டைத் தொலைப்பான், மூன்று பேப்பர் அரியர். இரண்டாம் வருடத்தில்தான் யாரோ சொல்லி மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். ஏடிஹெச்டி என்று தெரிந்தது. மெத்தில்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்தார். வடிகாலை அடைத்ததும் காய்ந்த வயலில் தண்ணீர் நின்றது. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிப்பது என்றால் இப்படித்தான் இருக்குமா சார் என்று என்னிடமே கேட்டான்.

மாதம் ஒரு தடவை அவன் அம்மா வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார். எழுதிய மாத்திரை எல்லாக் கடையிலும் இல்லை. இரண்டு மூன்று இடம் அலைந்து, சில மாதம் 'ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலோடு திரும்பிப் போகிறார். கவுண்டரில் அந்தப் பெயரைச் சொன்னதும் தன்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னார். கிடைத்த அட்டைகளை முறுக்கு டப்பாவின் அடியில் பேப்பர் விரித்து வைத்து மகனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அவன் அட்டையின் பின்னால் இருக்கும் பெயரைப் பிளேடால் சுரண்டிவிடுகிறான். பெயர் தெரிந்தால் வராந்தாவே வந்து 'ஒண்ணே ஒண்ணு தாடே' என்று நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். காலையில் இட்லி சாப்பிட்டதும் தண்ணீரோடு ஒன்றை விழுங்குகிறான். என்னடே அது என்று யாராவது கேட்டால், அல்சர் மாத்திரை என்கிறான்.